பக்கத்து வீட்டுக்குப் போகும் வேகன் ஆர்

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்று, மகளோடு இருக்கத் திருச்சிக்குப் போகிறோம். 2014-ல் புதிதாக வாங்கிய பெட்ரோல் வேகன் ஆர் என் பெயரில் இருக்கிறது. 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி 2,60,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். பாதி இப்போது, மீதி பொங்கலுக்கு, பேரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாமாம். மேட்டுப்பாளையம் புரோக்கர் ஒருவர் 2,15,000 மொத்தமும் ரொக்கமாகத் தருகிறாராம். படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார். போன வருடம் கிளட்ச் மாற்றியதை வெளியே சொன்னால் விலை குறையும் என்பது கணவரின் கட்சி. யாருக்குக் கொடுப்பது? டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரை நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, கோத்தகிரி

பதில்: டீச்சர், பக்கத்து வீட்டுத் தம்பிக்கே கொடுங்கள். ஆனால் அவர் சொல்லும் முறையில் வேண்டாம்.

முதலில் கிளட்ச் விஷயம். சார் போடுவது கீழ்நாட்டு, அதாவது சமவெளிக் கணக்கு. அங்கே வருடத்தையும் கிலோமீட்டரையும் பார்த்து விலை சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் 58,000 என்றால் பாதிக்கு மேல் இரண்டாவது, மூன்றாவது கியரில் ஏறி இறங்கிய தூரம் என்று எல்லோருக்கும் தெரியும். கிளட்ச் எப்போது போகும் என்பதுதான் வாங்குகிறவர் மனதில் இருக்கும் முதல் கேள்வி. 'போன வருஷம்தான் மாற்றினோம்' என்று பில்லை நீட்டினால் பாதி பேரம் அங்கேயே முடிந்துவிடும். அதைப் போய் மறைப்பார்களா!

வண்டியைக் காட்டுகிற அன்று காலையில் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்காதீர்கள். ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற வண்டி ஒரே சாவியில் கிளம்புவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். அப்புறம் அரவேனு வரை இறங்கித் திரும்பி ஏறச் சொல்லுங்கள், ஸ்டீயரிங் அவர் கையிலேயே இருக்கட்டும். நடு ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபடி எடுக்கட்டும். பின்னால் உருளாமல், கருகல் வாடை இல்லாமல் வண்டி நகர்ந்தால் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். சார் ஏறுகிற கியரிலேயே இறங்குகிறவராக இருந்தால் அதை மட்டும் சொல்லிவைக்கலாம். எஞ்சினே வேகத்தைப் பிடித்ததால்தான் பிரேக் பேட் இத்தனை நாள் உழைத்தது என்பது வாங்குகிறவருக்குப் புரியும்.

அதற்கு முந்தின நாள் பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் கை விட்டுப் பாருங்கள். மரத்தடியில் நிறுத்துகிற மலை வண்டிகளில் சில்வர் ஓக் இலை அங்கே போய் மட்கி, தண்ணீர் போகும் துளையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்கி, காலடி மேட் நனைந்து, கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடிக்கும். என்ன சென்ட் தெளித்தாலும் அது போகாது. இலையை அள்ளிப் போட்டுவிட்டு மேட்டை இரண்டு நாள் வெயிலில் போடுங்கள் (வெயில் வந்தால்!). ஏ.சி.யை நாம் வருடக்கணக்கில் தொடுவதில்லை. அப்படியே விட்டால் சீல் காய்ந்து கேஸ் கசியும். ஓட்டிப் பாருங்கள், குளிரவில்லை என்றால் அதையும் வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கதவின் அடி ஓரத்தில் துரு இருந்தால் பெயின்ட் அடித்து மூட வேண்டாம். புதுப் பெயின்டைப் பார்த்தால்தான் சந்தேகமே வரும்.

உங்கள் வண்டிக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும், டி.என். 43 என்று நம்பர் தொடங்கும் நம்ம ஊர் வண்டிக்கு வேண்டாம். இங்கேயே இருக்கிறவருக்கு அதற்கும் ஒரு விலை உண்டு. 2014-ல் பதிவான கார் என்பதால் ஆர்.சி. (பதிவுச் சான்று) 2029 வரை செல்லும், அதற்குப் பிறகு சோதனைக்குக் காட்டி 5 வருடம் புதுப்பிக்கலாம்.

இனி கையெழுத்து. புரோக்கர் கேட்கிற, பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களை நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், யார் பெயர் எப்போது ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை. நானே ஒரு காலத்தில் பழைய மாருதி 800-ஐ அப்படிக் கொடுத்தவன்தான். இரண்டு வருடம் கழித்து வேறொரு மாவட்டத்திலிருந்து போன் வந்தது, 'உங்க வண்டி இடிச்சுட்டுப் போயிருக்கு' என்று. என் வண்டியாம்! இன்சூரன்ஸ் இல்லாமல் நான்கைந்து கை மாறிய காருக்கும் ஆர்.சி.யில் பெயர் இருக்கிறவர்தான் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. போதாததற்கு, இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் அனுமதிக்கவில்லை. வாங்கினால் அந்தத் தொகை முழுவதையும் அபராதமாகக் கேட்கலாம். ஆகவே 2,15,000 கட்டுக்கட்டாக வேண்டவே வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தம்பி நல்லவராகவே இருக்கட்டும். பொங்கல் வரை வண்டி அவர் வாசலில், பெயர் உங்களுடையது, நீங்கள் திருச்சியில். கேட்கவே நன்றாக இல்லை. அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "தம்பி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போ, வேறு யாருக்கும் தர மாட்டோம். மீதி வந்த அன்றைக்குச் சாவி." அவசரம் என்றால் பேங்கில் லோன் போடட்டும். முழுப் பணமும் உங்கள் கணக்குக்கு வந்த அன்றே இரண்டு பேரும் சேர்ந்து படிவங்களை நிரப்பி ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை, அதாவது உங்கள் கடமை. டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். அடையாள அட்டை நகலும் ஒன்று. ஃபாஸ்டேக் இருந்தால் மூடிவிடுங்கள். இன்சூரன்ஸில் 'நோ க்ளெய்ம் போனஸ்' (க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) சேர்ந்திருந்தால் அது வண்டியோடு போகாது, உங்களோடு வரும். சான்றிதழ் வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் உங்கள் பெயரில் எடுக்கும் வேறு காருக்கு உதவும். திருச்சிக்குப் போனபிறகும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

பிள்ளையாரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி தனக்கு வேண்டிய சாமியை வைத்துக்கொள்வார். கத்தியால் மட்டும் நெம்பாதீர்கள், டேஷ்போர்டில் கீறல் விழும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அடியைச் சுற்றிச் சிறிது நேரம் வைத்து, பசை இளகியதும் தடித்த தையல் நூலை அடியில் விட்டு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுங்கள், முழுசாக வந்துவிடுவார்.