பதில்: தாத்தா பேரில் கரண்ட் பில், 3 கிலோவாட் சோலார், வெந்நீருக்கும் மானியம் உண்டா?

காரைக்குடிப் பக்கம் பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீடு, கரண்ட் பில் இன்னும் தாத்தா பேரில், மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனலும் சோலார் வாட்டர் ஹீட்டரும் போட்டால் மானியம் உண்டா என்கிறீர்கள். அப்படியானால் முதலில் கரண்ட் இணைப்பின் பெயர் மாற்றத்தை முடிங்க. பில்லில் தாத்தா பெயரும் வங்கிக் கணக்கில் உங்கள் பெயரும் இருந்தால் மானியம் வருவதில் சிக்கல் வரும். வாரிசுச் சான்றிதழும் மற்றப் பங்குக்காரர்களின் சம்மதக் கடிதமும் வேணும். கையெழுத்து வாங்குவதுதான் நம்ம ஊர்ல பெரிய வேலை.

வீட்டுக்கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000, ஆக ரூ.78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அவ்வளவுதான். இந்தியாவில் தயாரான சோலார் செல்லை வைத்து இங்கேயே செய்த பேனலுக்கு மட்டுமே மானியம், பேனல் வாங்கும் பில்லில் அதை எழுதி வாங்குங்க. சோலார் வாட்டர் ஹீட்டர் இதில் வராது.

பேனல் வைக்க, வளவை (நடு முற்றத்தை) சுற்றின ஓட்டுக்கூரை வேண்டாம். நிழல் விழாத தட்டு மாடியில் 300 சதுரஅடி போதும், தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு. ஆனால் அது செங்கல், சுண்ணாம்புத் தளம்: டிரில் போட்டு போல்ட் இறக்கினால் தளம் விரிசல் விட்டு, அடுத்த ஐப்பசி மழையில் தேக்கு உத்திரத்தில் நீர் இறங்கும். துளையில்லாமல் கான்கிரீட் கட்டைமேல் ஸ்டாண்ட் நிறுத்தணும். கட்டைகள் கீழே சுவர் ஓடும் இடத்திலேயே உட்காரட்டும்.

வெந்நீருக்கு, போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் நேராக விடாதீங்க, காறை படியும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் (போர் தண்ணீர் கண்ணாடிக் குழாய்க்குள் போகாமல் தனியாகச் சூடேறும் அமைப்பு) உள்ளதாகக் கேளுங்க.