முதல் ஆள் ஊரிலிருந்து வேண்டாம், தம்பி

வலங்கைமானிலிருந்து சிங்கப்பூர் வந்து, பி.ஆர். (நிரந்தரவாசம்) கிடைத்து ஒரு வருஷம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் சின்னதாக டிபன் கடை போடுகிறேன். முதல் ஆளாக, ஊரில் கல்யாணச் சமையலுக்குப் போகும் என் மச்சானைக் கூட்டி வந்துவிடலாமா? வாடகை எந்தப் பக்கம் குறைவு? கணக்குக்கு எந்த சாஃப்ட்வேர்?"

வாடகையை நாலு புரோக்கரிடம் கேட்டால் தெரிந்துவிடும். ஓர் ஆளுக்குக் கணக்கு எழுத எக்செல் போதும். மச்சான் விஷயத்தைத்தான் நான் பேச வேண்டும். இங்கே வந்து தடுமாறி நிற்கும் காலத்தில் நம் ஊர்க்காரர் எல்லாருக்கும் இந்த எண்ணம்தான் வரும், எனக்கும் வந்தது.

உள்ளூர் ஆள் (குடிமகன் அல்லது பி.ஆர்.) ஒருவர்கூட இல்லாத கடைக்கு, வெளிநாட்டு ஆளை வைக்க ஒர்க் பெர்மிட் கிடையாது. சாப்பாட்டுக் கடை அடங்கும் சேவைத் துறையில் பெர்மிட் ஆட்கள் மொத்த ஆள்பலத்தில் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. உள்ளூர் ஆள் ஒருவர், மச்சான் ஒருவர் என்றால் 50 ஆகிவிடும், மறுத்துவிடுவார்கள். இரண்டு உள்ளூர் ஆளுக்கு ஒருவர் என்றால் 33, இந்த வரம்புக்குள் வரும். ஆனால் இந்தியாவிலிருந்து வரும் சமையல்காரருக்குத் தனியாக 8 விழுக்காடு வரம்பும் உண்டு, அதனால் மச்சான் ஒருவருக்குப் பன்னிரண்டு உள்ளூர் ஆளாவது வேண்டும். அந்த உள்ளூர் ஆட்கள் பெயருக்கு இருந்தால் போதாது. முழு ஆளாக எண்ண ஒரு குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2024 ஜூலையில் அதை 1,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆக்கினார்கள். அது ஏறிக்கொண்டே போவது, அன்றைய தொகையை மனிதவள அமைச்சின் தளத்தில் பாருங்கள். அதில் பாதி வாங்குபவர் அரை ஆள். மசேநி (மத்திய சேமநல நிதி) கட்டிய பதிவை வைத்துத்தான் எண்ணுகிறார்கள், அதனால் சொந்தக்காரர் பெயரைச் சும்மா எழுதிவைக்கும் வித்தை மாட்டிக்கொள்ளும்.

இந்தியச் சமையல்காரருக்கு இந்தத் துறையில் பெர்மிட் திறந்ததே 2023 செப்டம்பரில்தான். மாதம் 2,000 வெள்ளிக்குக் குறையாத நிலையான சம்பளம் வேண்டும், மாதாமாதம் அரசுக்கு லெவி என்னும் தீர்வை, அதற்கு மேல் 5,000 வெள்ளி பிணை. லெவியையோ பிணையையோ மச்சான் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. வேலை தருவதற்காக அவரிடம் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்: 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதற்குக் குறுக்கு வழி என்று நம்மவர்கள் சிலர் செய்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சோஷியல் விசிட்டில் (சுற்றிப் பார்க்கும் அனுமதியில்) வந்த தம்பியை "சும்மா கூடமாட உதவி" என்று தோசைக்கல் முன்னால் நிறுத்துகிறார்கள். சம்பளமே கொடுக்காவிட்டாலும் சட்டத்தில் அது வேலைதான். முதலாளிக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஜெயிலும் உண்டு. பிடிபட்ட பையன் மறுபடி இந்த ஊருக்குள் வர முடியாமல் போகலாம். வேலை பாஸ்காரரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் டிபென்டன்ட் பாஸில் இருக்கும் நண்பர் மனைவியைக் கல்லாவில் உட்கார வைப்பதும் அப்படியே. 2021 மே மாதத்திலிருந்து அவர்களுக்கும் தனி ஒர்க் பாஸ் வேண்டும்.

ஆகவே முதல் ஆள் இங்கேயே இருப்பவர். 2,000 வெள்ளிக்கு 55 வயதுக்கு உட்பட்ட குடிமகனை வைத்தால் கணக்கு இப்படி வரும்: உங்கள் பங்கு மசேநி 17 விழுக்காடு, 340 வெள்ளி; திறன் மேம்பாட்டுத் தீர்வை 5. மொத்தம் 2,345 உங்கள் கையை விட்டுப் போகும். அவர் பங்கு 20 விழுக்காடு, 400. இந்தியரானால் சிண்டா என்னும் இந்தியர் உதவி நிதிக்கு 5. அவர் கைக்கு 1,595. நேர்முகத்திலேயே இந்த 1,595-ஐச் சொல்லிவிடுங்கள். முதல் சம்பளத்தன்று 2,000 எதிர்பார்த்து வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார். மசேநியை அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி ஓடும்.

சேர்ந்த 14 நாளுக்குள் வேலை விதிமுறைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், அதோடு பே ஸ்லிப். அடுப்படி ஆளுக்கு வேலைக்காய இன்சூரன்ஸ் கட்டாயம். கொதிக்கிற எண்ணெய்ப் பக்கம் நிற்பவருக்கு அது இல்லாமல் ஒரு நாள்கூட விடாதீர்கள். உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையையும் முடித்திருக்க வேண்டும்.

நேரக் கணக்கில்தான் நம் பக்கத்து ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் கல்யாண வீட்டில் மாஸ்டர் அச்சாரம் வாங்கிவிட்டால் முதல் நாள் சாயங்காலம் கையாட்களோடு வந்து இறங்குவார். ராத்திரி முழுக்கக் காய் நறுக்கி, விடிகாலையில் காபிக்கு டிகாஷன் இறக்கி, கடைசிப் பந்திக்கு மோர் போகும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டார். வெற்றிலை பாக்கோடு தட்டில் பணம் வைத்தால் கணக்கு தீர்ந்தது. அந்த உழைப்பை நான் கும்பிடுகிறேன். ஆனால் அதையே இங்கே வழக்கமாக எதிர்பார்க்காதீர்கள். வாரம் 44 மணி நேரம். அதற்கு மேல் ஒன்றரை மடங்கு: 2,000 வெள்ளிக்காரருக்கு மணிக்கு 10.49, ஓவர்டைமில் 15.73. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. காலை இட்லிக்கும் ராத்திரி பரோட்டாவுக்கும் ஒரே ஆள் என்று திட்டம் போட்டிருந்தால், ஒரு வேளையை இப்போதே வெட்டிவிடுங்கள்.

அச்சாரம் மாதிரி முன்பணம் கொடுத்தால் ஒவ்வொரு சம்பளத்திலும் கால் பங்குக்கு மேல் பிடிக்க முடியாது, 12 மாதத்துக்குள் பிடித்து முடிக்க வேண்டும். கொடுத்ததையும் பிடித்ததையும் கையெழுத்தோடு எழுதி வையுங்கள்.

மச்சானுக்கு இன்று ராத்திரியே போன் போடுங்கள். தேவையான அளவு உள்ளூர் ஆட்கள் நிலைத்து, மூன்று நான்கு மாத மசேநிப் பதிவு சேர்ந்தபிறகுதான் விண்ணப்பம், அதுவரை கல்யாண முகூர்த்தங்களை விடவேண்டாம் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரை நம்பி ஊரில் எந்த ஏஜெண்டுக்காவது பணம் கட்டிவிடப் போகிறார்.