ஏற்காடு ஏறினால் 80 மீட்டர் கேட்குமா?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) வைத்திருக்கும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார் (40 மீட்டர், 80 மீட்டர் என்பவை அலைநீளத்தை வைத்து அழைக்கும் அலைவரிசைகள்): "மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நிறுத்தி 40 மீட்டருக்கு இன்வர்ட்டட் வி (நடுவில் உயர்த்தி இரு பக்கமும் சரித்துக் கட்டும் கம்பி ஆன்டெனா) கட்டியிருக்கிறேன். உச்சி, தரையிலிருந்து 40 அடி இருக்கும். எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) 1.3. ஆனால் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் இரைச்சலால் 8-க்குக் கீழே இறங்குவதே இல்லை. 80 மீட்டரில் 9-ஐயும் தாண்டுகிறது. மதுரையிலும் பெங்களூரிலும் என் குரல் நன்றாகக் கேட்கிறது என்கிறார்கள். எனக்குத்தான் அவர்கள் கேட்பதில்லை. மாமனாருக்கு ஏற்காட்டில் சின்னக் காபித் தோட்டமும் வீடும் இருக்கின்றன. அவ்வளவு உயரத்துக்கு ஆன்டெனாவைக் கொண்டுபோனால் பிரச்சினை தீருமா? இல்லை, முதலில் ஒரு ப்ரீ-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) வாங்கிப் பார்க்கட்டுமா?"

ப்ரீ-ஆம்ப் வாங்காதீர்கள். ஏன் என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ரிக்கை (ரேடியோ பெட்டியை) 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் அலைவரிசையில், யாரும் பேசாத ஓர் இடத்தில் வைத்து, ஆன்டெனாவிலிருந்து பின்னால் வந்து சேரும் கோஆக்ஸ் கேபிளைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். அப்படியானால் இவ்வளவு நாள் கேட்டது ரிக்கின் சொந்த இரைச்சல் இல்லை, ஆன்டெனா வெளியிலிருந்து வாரிக்கொண்டு வந்தது. ப்ரீ-ஆம்ப் மதுரைக்காரரின் குரலை எவ்வளவு தூக்குமோ அவ்வளவு இரைச்சலையும் சேர்த்தே தூக்கும். உங்கள் ரிக்கில் வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் பொத்தான் இருந்தால் அதைப் போட்டு, ஆர்.எஃப். கெயினையும் (ரிக் சிக்னலைப் பெருக்கும் அளவையும்) கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். மீட்டர் முள் இறங்கும், பேச்சு தெளிவது போலக்கூட இருக்கும். அதில் பாதி காதுக்குக் கிடைக்கும் ஓய்வுதான், ஆனாலும் லாபம் லாபம்தானே.

கீழ் அலைவரிசைகளின் குணமே இதுதான். மனிதர் உண்டாக்கும் மின் இரைச்சல் அதிர்வெண் குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் பி.372 பரிந்துரையில் இதற்குக் கணக்கே இருக்கிறது. அதன்படி 7 மெகாஹெர்ட்ஸில் இருப்பதைவிட 3.6-ல் (80 மீட்டர் அலைவரிசை) சுமார் 8 டெசிபல் கூடுதல். அதே 7 மெகாஹெர்ட்ஸில் நகரத்துக்கும் சாதாரணக் கிராமத்துக்கும் வித்தியாசம் சுமார் 10 டெசிபல், ஆள் அரவமற்ற கிராமத்துக்கு என்றால் 24 டெசிபல். அந்தக் கணக்கு எல்.இ.டி. பல்பும் மொபைல் சார்ஜரும் வராத காலத்து அளவீடுகளில் பிறந்தது. இன்றைய அம்மாப்பேட்டைக்கு அது தாராளமான மதிப்பெண் என்றுதான் சொல்வேன்.

இந்த டெசிபல்களை அலட்சியமாக நினைக்காதீர்கள். உங்கள் பக்கம் இரைச்சல் 12 டெசிபல் இறங்கினால், மீட்டரில் இரண்டே கோடு, எதிரில் இருப்பவர் 100 வாட்டை 1,600 வாட்டாக ஏற்றியதற்குச் சமம். அவர் செலவழிக்க வேண்டியதில்லை, நீங்கள் ஒரு சார்ஜரைப் பிடுங்கினால் போதும்.

ஆகவே மலைக்குப் போவதற்கு முன் வீட்டைச் சோதியுங்கள். ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட விடுங்கள். அப்புறம் வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் மறக்காமல் அணையுங்கள், கரண்ட் போனதும் அது தானே விழித்துக்கொண்டு புதிதாக ஓர் இரைச்சலைக் கிளப்பும். முள் கணிசமாக இறங்கினால் திருடன் வீட்டுக்குள்தான். எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகப் போட்டு எந்த வரிசையில் முள் துள்ளுகிறது என்று பாருங்கள், பிறகு அந்த வரிசையில் உள்ள சாமான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். இறங்கவே இல்லை என்றால் வெளியிலிருந்து வருகிறது. பராமரிப்புக்காகப் பகலில் தெரு முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாள் நம்மைப் போன்றவர்களுக்குப் பண்டிகை. அன்று பேட்டரியில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் ஆன்டெனாவால் உண்மையில் எவ்வளவு முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

எந்த நேரத்தில் வருகிறது, எப்படி ஒலிக்கிறது என்பதே பாதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கினால் எல்.இ.டி. பல்பு, தெருவிளக்கு. விடிந்ததும் வந்து பொழுது சாயும்போது போனால் யாரோ ஒருவர் வீட்டு மாடி சோலார். டயலைச் சுற்றும்போது ஐம்பது, அறுபது கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு தரம் மேடு மேடாக வந்து, மெல்ல நகர்ந்துகொண்டும் இருந்தால் ஏதோ ஒரு ஸ்விட்சிங் அடாப்டர். கரண்ட் சிக்கனம் என்று வாங்கிய பி.எல்.டி.சி. ஃபேனையும் நம்பாதீர்கள். அலைவரிசை முழுக்க ஒரே மாதிரி 'ர்ர்ர்' என்று இரைந்து, மழை பெய்த மறுநாள் காணாமல் போனால் அது மின்கம்பத்தில் பீங்கானோ கம்பிக்கட்டோ தீப்பொறி விடுவது. 1,600 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வைத்த சின்ன ஏ.எம். டிரான்சிஸ்டரோடு தெருவில் நடந்தால் எந்தக் கம்பம் என்று பிடித்துவிடலாம். கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, ஸ்டே கம்பியை ஆட்டுவது எல்லாம் கூடவே கூடாது.

உங்கள் பேட்டையில் முதல் சந்தேகம் தறி மேல்தான் விழும். எனக்கும் விழுந்தது. பக்கத்துக் கொட்டகையில் ஆறு விசைத்தறி. மூன்று வாரம் அந்த வீட்டுக்காரரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தறி ஓடாத அமாவாசை. இரைச்சல் அப்படியே இருந்தது. கடைசியில் பிடிபட்டது என் வீட்டு இன்டர்நெட் பெட்டியின் அடாப்டர். யோசித்தால் காரணம் எளிது. தறியை ஓட்டும் இண்டக்ஷன் மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது, அதனால் ஓடும்போது பெரிதாகப் பொறி விடாது. வேகத்தை மாற்றும் எலக்ட்ரானிக் டிரைவ் வைத்திருந்தாலோ, ஸ்டார்ட்டரில் தேய்ந்த கான்டாக்ட் இருந்தாலோதான் தொந்தரவு. மிக்ஸியில்தான் பிரஷ் உண்டு, ஆனால் சட்னி அரைத்து முடிந்தால் அதுவும் முடிந்தது.

அடுத்து, பலர் கவனிக்காமல் விடும் ஒன்று. உங்கள் இன்வர்ட்டட் வி-க்கு உச்சியில் சோக் (கேபிளின் வெளிப்பக்கம் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) கட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. கோஆக்ஸின் வெளிப்பின்னல் ஒரு தனிக் கம்பி போலவும் வேலை செய்யும். வீட்டுக்குள் இருக்கும் சார்ஜர், டி.வி., இன்வெர்ட்டர் இரைச்சலையெல்லாம் அது மேலே ஏற்றிக்கொண்டுபோய் ஆன்டெனாவில் சேர்க்கும், அங்கிருந்து கேபிளின் உட்புறம் வழியாகத் திரும்ப ரிக்குக்கு வரும். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இதைக் காட்டாது. 31-ஆம் வகை ஃபெரைட்டில், 2.4 அங்குல விட்டமுள்ள வளையம் ஒன்றில் ஆர்ஜி-58 கேபிளை 12 சுற்று சுற்றி உச்சியில் வையுங்கள். ரிக்குக்குப் பக்கத்தில் இன்னொன்று. வளையத்தின் வகை முக்கியம். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கழற்றிய மஞ்சள்-வெள்ளை வளையம் இரும்புத்தூள், அது இந்த வேலைக்கு உதவாது. என் மாடியில் இந்த இரண்டு சோக் செய்த வேலையை அதற்கு முன் வாங்கிய எந்தப் பெட்டியும் செய்யவில்லை.

இதற்கு மேலும் இரைச்சல் மிஞ்சினால், ஒலிபரப்ப ஒன்று, கேட்க ஒன்று என்று ஆன்டெனாவைப் பிரித்துவிடுங்கள். கேட்கும் ஆன்டெனா அதிகம் இழுக்க வேண்டியதில்லை. வெளி இரைச்சல் ரிக்கின் சொந்த இரைச்சலுக்கு மேலே நிற்கும்வரை, சிக்னல் நோஞ்சானாக வந்தாலும் பரவாயில்லை. ஒரு மீட்டர் விட்டத்தில் சின்ன லூப் (வளைய ஆன்டெனா) செய்து மாடியில் நிறுத்தித் திருப்பினால், ஏதோ ஒரு திசையில் அந்தக் குறிப்பிட்ட இரைச்சல் பள்ளத்தில் விழும். ஒரே ஓர் இடத்திலிருந்து வரும் இரைச்சலுக்கு இது அருமையான மருந்து, நாலா பக்கமும் இருந்தால் அவ்வளவாகப் பலிக்காது. ஒலிபரப்பும்போது லூப் தானாகத் துண்டிக்கப்படும்படி ரிலே வையுங்கள், இல்லையென்றால் ரிக்கின் முன்பகுதி போய்விடும். இதே காரணத்தால் 80 மீட்டரைக் கேட்க மட்டும் என்றால் உங்கள் 40 மீட்டர் அலைவரிசைக் கம்பியே போதும். பேச வேண்டும் என்றால்தான் முழு நீளம் வேண்டும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வரும். 7.1-க்கு 20 மீட்டர், 3.6-க்கு ஏறத்தாழ 40 மீட்டர். உங்கள் மாடியில் அது நேராக அடங்காது.

சரி, இப்போது ஏற்காடு. 144 மெகாஹெர்ட்ஸாக இருந்தால் மலை உச்சி பெரிய சொத்து, அங்கே கண்ணுக்கு எட்டுவதுதான் கணக்கு. 40, 80 மீட்டரில் உங்கள் அலை 250, 300 கிலோமீட்டர் மேலே அயனி மண்டலத்துக்குப் போய்த் திரும்புகிறது. அவ்வளவு தூரம் போகிற அலைக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் முன்னதாகப் புறப்பட்டதெல்லாம் ஒரு பொருட்டா? கம்பி அதன் கீழே இருக்கும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு. 12 மீட்டர் உயரத்தில் கட்டிய 80 மீட்டர் டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா), சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒரே மாதிரி நேர் மேலேதான் பாய்ச்சும். மதுரை, பெங்களூர், சென்னை பேச அதுவே நல்லது. ஒரே விதிவிலக்கு, சரிவு. தரை சரிந்து இறங்கும் பக்கம் அலை கொஞ்சம் தாழ்ந்த கோணத்தில் கிளம்பும், தொலைதூர நாடுகளைப் பிடிக்க அது உதவும்.

ஆக, மலை உங்களுக்குத் தரப்போவது உயரத்தை அல்ல, அமைதியை. அதுவும் தோட்டத்து வீட்டுக் கூரை மேலேயே கட்டினால் பாதி போய்விடும். வீட்டையும் மின்கம்பியையும் விட்டு ஐம்பது மீட்டராவது தள்ளி, சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே கட்டுங்கள். காற்றில் மரம் ஆடும், அதனால் ஒரு முனையில் கப்பி போட்டு கனமான கல் ஒன்றைத் தொங்கவிடுங்கள், இறுக்கிக் கட்டினால் முதல் காற்றிலேயே அறுந்துவிடும். சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, மின்சாரம் எளிதில் பாயாத தரை. செங்குத்து ஆன்டெனா நட நினைத்தால் அடியில் தரையில் விரிக்கும் ரேடியல் கம்பிகளைத் தாராளமாகப் போட வேண்டும். கேட்பதற்குத் தரையிலேயே கிடக்கும் லூப் நன்றாக வேலை செய்யும். பக்கத்துக்கு 15 அடியாகச் சதுரமாக உறை போட்ட கம்பியை விரித்து, ஒரு மூலையில் 9:1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்து கோஆக்ஸில் எடுங்கள். கம்பியை மண்ணோடு முளையடித்து வையுங்கள். முழங்கால் உயரத்தில் எதைக் கட்டினாலும் காட்டெருமை இழுத்துக்கொண்டு போய்விடும்.

மலை ஏறினாலும் தப்பாத இரைச்சல் ஒன்று உண்டு, இடி. ஏப்ரல், மே மாலைகளிலும் வடகிழக்குப் பருவமழையிலும் 80 மீட்டர் படபடவென்று பொரியும். பல நூறு கிலோமீட்டர் தள்ளி இடித்தாலும் இரவில் அது வந்து சேரும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, நள்ளிரவுக்கு மேல் விடியும்வரை உட்காருங்கள், அதுதான் பொற்காலம். பகலில் 80 மீட்டரை அயனி மண்டலத்தின் டி அடுக்கு விழுங்கிவிடும், அப்போது 40-க்கு வந்துவிடுங்கள். மலையில் இடி நம் தலைக்குப் பக்கத்தில் இறங்குவது, ஆகவே பேசாத நேரமெல்லாம் கோஆக்ஸைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவையுங்கள். ரிக்கின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

குழாயைப் பெயர்ப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு ரிக், பேட்டரி, 20 மீட்டர் கம்பி மட்டும் எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். அங்கிருந்து ஒலிபரப்புவதாக இருந்தால் உங்கள் உரிமத்தின் நிபந்தனை என்ன சொல்கிறது என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு ஒரு தரம் 'டக், டக்' என்று கேட்டால் அது பக்கத்துச் சோலார் வேலி. மாமனாருடையதாகவே இருந்தாலும் அணைக்கச் சொல்லாதீர்கள், ரிக்கில் துடிப்பு இரைச்சலை வெட்டும் நாய்ஸ் பிளாங்கரைப் போட்டுச் சமாளியுங்கள்.