பிளாட்டரில் கப்பல் தெரியவில்லையா? – கடல் கருவிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது 22 மீட்டர் விசைப்படகு. ஆழ்கடலில் செவுள் வலையும் ஆயிரங்கால் தூண்டிலும் போடுகிறோம். போன மாதம் புதிதாக ஏஐஎஸ் கருவி (கப்பல்களும் படகுகளும் தங்கள் பெயரையும் இருப்பிடத்தையும் ரேடியோவில் ஒன்றுக்கொன்று அனுப்பும் கருவி) ஒன்று வாங்கி மாட்டினோம், அதில் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் ஐந்து வருடமாக நாங்கள் வைத்திருக்கும் சார்ட் பிளாட்டரில் (கடல் வரைபடம் காட்டும் திரை) ஒரு கப்பல்கூட வரவில்லை. மாட்டிக் கொடுத்தவர், பிளாட்டர் பழசு, புதுசு வாங்கினால்தான் சரிவரும் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர் ஒருவர், தூத்தூர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஐந்து வருடப் பிளாட்டர் பழசே இல்லை, அதைவிடப் பழையதிலும் கப்பல்கள் அழகாகத் தெரிகின்றன. உங்கள் கருவியில் பச்சை விளக்கு எரிகிறது என்றால் அது அநேகமாக வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அது பேசுவது பிளாட்டருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பிளாட்டரின் பின்பக்கம் பாருங்கள். பல நிறத்தில் மெல்லிய ஒயர்கள் வெளியே வருகிறதா, இல்லை ஐந்து முள் கொண்ட வட்டமான சாக்கெட் இருக்கிறதா? கடல் கருவிகள் ஒன்றோடொன்று பேச இரண்டு முறைகள் உண்டு: ஒயர்கள் என்றால் என்எம்இஏ 0183, வட்ட சாக்கெட் என்றால் பெரும்பாலும் என்எம்இஏ 2000. சிலவற்றில் இரண்டுமே இருக்கும். உங்களுடையது ஒயர் வகை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன், ஏனென்றால் நம் படகுகளில் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

இந்த வகையில் பத்துக்கு ஆறேழு படகில் கோளாறு வேகத்தில்தான் இருக்கிறது. ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாம் நொடிக்கு 4800 பிட் என்ற வேகத்தில் தகவல் அனுப்பும், ஏஐஎஸ் அனுப்புவதோ 38400. பிளாட்டரை வாங்கும்போது அதன் போர்ட் (தகவல் உள்ளே வரும் இணைப்பு) 4800-இல்தான் இருக்கும், யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அந்த வேகத்தில் காது வைத்துக்கொண்டு 38400-இல் வருவதைக் கேட்டால் அதற்கு ஒன்றுமே புரியாது, திரையும் காலியாகவே கிடக்கும். செட்டிங்ஸில் தகவல் தொடர்புக்கான பகுதிக்குப் போய் அந்தப் போர்ட்டை 38400-க்கு மாற்றுங்கள், சில பிளாட்டர்களில் அது ஹை ஸ்பீட் என்று இருக்கும். இதற்குக் காசு செலவில்லை, ஐந்து நிமிட வேலை.

ஆனால் அந்த ஒரே போர்ட்டில் 4800-இல் வேறு ஏதாவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் வேகத்தை மாற்றியதும் அது நின்றுவிடும், அப்போது ஏஐஎஸ்ஸை இன்னொரு போர்ட்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு கருவிகளின் வெளியீட்டு ஒயர்களை ஒன்றாக முறுக்கி ஒரே போர்ட்டில் கொடுப்பது மட்டும் வேண்டாம். இந்த முறையில் பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் யார் பேச்சும் விளங்காது, அதற்கென்று மல்டிபிளெக்சர் என்ற தனிப் பெட்டி இருக்கிறது.

வேகம் சரி என்றால் அடுத்தது ஒயர். ஏஐஎஸ்ஸின் ‘வெளியே’ என்ற இரண்டு ஒயரும் பிளாட்டரின் ‘உள்ளே’ என்ற இரண்டு ஒயரோடு சேர வேண்டும், பிளஸ் பிளஸோடு, மைனஸ் மைனஸோடு. நிறத்தை நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் நீலம் இன்னொரு கம்பெனியில் வேறு வேலை பார்க்கும். இரண்டு கையேட்டையும் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகச் சரிபாருங்கள். உங்கள் பிளாட்டரில் உள்ளே வருவதற்கு ஒரே ஒரு ஒயர்தான் இருந்தால், ஏஐஎஸ்ஸின் பிளஸ்ஸை அதில் கொடுத்து இரண்டு கருவிகளின் கிரவுண்டையும் சேருங்கள். மிச்சமிருக்கும் மைனஸ் ஒயரைக் கிரவுண்டில் சேர்க்காமல் நுனியை மூடித் தனியாக விட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சில மாதம் முன்பு ஒரு படகின் வீல் ஹவுஸில் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். கறுப்பு டேப் வெயிலில் இளகிப் பசையாக வழிந்து விரலில் ஒட்டியது, உரித்தால் உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு, லேசாக இழுத்ததும் பொடியாக உதிர்ந்தது. மாட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை. உப்புக்காற்று படுகிற இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பே ஆகாது. ஈயம் பூசிய கம்பி வாங்குங்கள், நுனியில் கிரிம்ப் (அழுத்திப் பிடிக்கும் உலோக முனை) போடுங்கள், சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறை போடுங்கள். சில நூறு ரூபாய் வேலை இது, இதற்குப் போய் ஒரு பிளாட்டரையே மாற்றச் சொல்வது எனக்குக் கோபத்தைத்தான் வரவைக்கிறது.

கருவி உண்மையிலேயே பேசுகிறதா என்று சந்தேகம் இருந்தால் ஒரு மடிக்கணினியை மாட்டி 38400-இல் பாருங்கள். ஆச்சரியக்குறியில் தொடங்கும் ஏஐவிடிஎம் வரிகள் ஓடினால் சுற்றியிருக்கும் கப்பல்களின் தகவல் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிறுக்கல் கிறுக்கலாக வந்தால் வேகம் தவறு, இல்லை பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

வட்ட சாக்கெட் வகைக்காரர்களுக்கு ஒரு வரி: கரண்டை நிறுத்திவிட்டு இரண்டு தகவல் ஒயர்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் இரண்டு முனையிலும் இருக்க வேண்டிய டெர்மினேட்டரில் (முனையில் மாட்டும் மின்தடை) ஒன்று இல்லை.

சரி, கப்பல்கள் திரையில் வந்துவிட்டன. பெரும்பாலான படகில் வேலை அதோடு முடிந்தது என்று பலகையை மூடிவிடுகிறார்கள், என் கவலையெல்லாம் அங்கேதான். நீங்கள் கப்பலைப் பார்ப்பது ஒன்று, கப்பல் உங்களைப் பார்ப்பது வேறொன்று. முன்னது நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே பின்னது நடக்காமல் இருக்கலாம்.

கருவியில் உங்கள் படகின் ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் (ரேடியோ அடையாள எண்) ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியப் படகென்றால் 419 என்று தொடங்கும். எண் இல்லாவிட்டால் கருவி கேட்டுக்கொண்டே இருக்கும், எதையும் அனுப்பாது. பல கருவிகளில் அந்த எண்ணை ஒரு தடவைதான் ஏற்ற முடியும், தப்பாகப் போட்டால் விற்றவரிடம்தான் போக வேண்டும், அதனால் பதிவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போடுங்கள். அதே எண்ணைப் பிளாட்டரிலும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சில பிளாட்டர்கள் உங்கள் படகையே வேறொரு படகு என்று நினைத்து, மோதப்போகிறது மோதப்போகிறது என்று ராத்திரி முழுக்க அலாரம் அடிக்கும். தூக்கம் கெட்ட ஆட்கள் எரிச்சலில் அலாரத்தையே அணைத்துவிடுவார்கள், அப்புறம் உண்மையான கப்பல் வரும்போது சத்தமே இருக்காது.

அடுத்து ஆன்டெனா. ஏஐஎஸ்ஸுக்குத் தனி விஎச்எஃப் ஆன்டெனா வைப்பதுதான் நல்லது. வயர்லெஸ்ஸின் ஆன்டெனாவையே பகிர்வதென்றால் ஏஐஎஸ்ஸுக்கென்றே செய்த ஸ்பிளிட்டர் வேண்டும், டிவிக்குப் போடுவது உதவாது. ஆன்டெனா இல்லாமல் கருவியை ஆன் செய்யாதீர்கள், உள்ளே அனுப்பும் பகுதி கெட்டுப்போகலாம். உயரமும் முக்கியம். உங்கள் ஆன்டெனா 6 மீட்டர் உயரத்திலும் கப்பலுடையது 30 மீட்டரிலும் இருந்தால் ஒருவருக்கொருவர் சுமார் 17 கடல்மைலில் தெரியலாம். 20 நாட் வேகத்தில் (மணிக்கு 20 கடல்மைல்) வரும் கன்டெய்னர் கப்பலுக்கு அது 50 நிமிட தூரம்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. உங்களைப் போன்ற படகில் இருப்பது கிளாஸ் பி எனப்படும், சிறு படகுகளுக்கான ஏஐஎஸ் கருவி. 2 நாட்டுக்கு மேல் ஓடினால் பொதுவாக 30 நொடிக்கு ஒரு தடவை இருப்பிடத்தை அனுப்பும், அதற்குக் கீழே போனால் 3 நிமிடத்துக்கு ஒரு தடவைதான். வலையை இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்துப் படகு நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருக்கும் ராத்திரிகளில் நீங்கள் இந்த 3 நிமிடக் கணக்கில்தான் இருப்பீர்கள். அந்த 3 நிமிடத்தில் 20 நாட் கப்பல் ஒரு கடல்மைல் வந்துவிடும். அதனால் எஞ்சினை அணைத்தாலும் ஏஐஎஸ்ஸை அணைக்காதீர்கள், அது இழுக்கும் கரண்ட் ஒரு சின்ன விளக்கு அளவுதான். கருவி இருக்கிறது என்பதற்காகக் காவல் ஆளைப் படுக்கவும் விடாதீர்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு மேற்கே சரக்குக் கப்பல் மோதிய ‘ரபா’ படகில் 14 பேர் இருந்தார்கள், தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். உயிரோடு மீட்டது இரண்டு பேரைத்தான்.

நீங்கள் அனுப்புவது போய்ச் சேர்கிறதா என்று பார்க்க, துறைமுகத்துக்கு வெளியே ஏஐஎஸ் வைத்திருக்கும் வேறொரு படகை வயர்லெஸ் சேனலில் கூப்பிட்டு, உங்கள் பெயர் அவர்கள் திரையில் வருகிறதா என்று கேளுங்கள். ஐந்து மைல் தள்ளிப் போய் மறுபடியும் கேளுங்கள். செல்போன் செயலியில் தெரிகிறதே என்று திருப்திப்படாதீர்கள், அது கரையில் இருக்கும் ரிசீவருக்கு எட்டியதைத்தான் காட்டுகிறது.

கேள்வி: எங்கள் ஃபைபர் படகில் அரசு கொடுத்த டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. அதைப் பிளாட்டரில் மாட்டினால் கப்பல்கள் தெரியுமா?
– வாசகர் ஒருவர், நாகப்பட்டினம்

பதில்: தெரியாது. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் வந்த அந்தக் கருவி செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசுகிறது. ஆபத்தில் செய்தி அனுப்பவும், புயல் எச்சரிக்கை பெறவும், எல்லை நெருங்கினால் தெரிந்துகொள்ளவும் அது மிகவும் உதவும், செல்போனை புளூடூத்தில் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் வரும் கப்பலின் திரையில் உங்களை அது காட்டாது, உங்களுக்குக் கப்பலையும் காட்டாது. கப்பலைப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் அனுப்பும் வசதி இல்லாத ஏஐஎஸ் ரிசீவர் போதும், விலையும் குறைவு. ரிசீவர் உள்ளேயே இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ்கூடக் கிடைக்கிறது, அதிலிருந்து பிளாட்டருக்கு மேலே சொன்ன அதே இரண்டு ஒயர், அதே 38400. திரையில் கப்பலின் பெயர் வரும். ‘ஏ கப்பல்காரா’ என்று பொதுவாகக் கத்தாமல் பொது அழைப்புச் சேனலான 16-இல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கப்பலை ஓட்டும் அறையில் நிற்பவர் திரும்பிப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: வலையின் நுனியில் மிதவையோடு கட்ட மலிவாக ஏஐஎஸ் குச்சி விற்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: வேண்டாம். அவற்றில் பல, கப்பல்களுக்கான அதே இரண்டு அலைவரிசையில், யாருக்கும் ஒதுக்கப்படாத எண்ணோடு, தன்னை ஒரு படகு என்று சொல்லி அனுப்புகின்றன. ஒரு வலைக்கு நாலு குச்சி, பத்துப் படகுக்கு நாற்பது ‘படகு’ என்று கப்பலின் திரையில் வந்தால் எது மிதவை, எது ஆள் இருக்கும் படகு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? இப்படிப்பட்ட மிதவைகளுக்கு என்றே 160.9 மெகாஹெர்ட்ஸில் தனி அலைவரிசையும் 979 என்று தொடங்கும் எண்களும் சர்வதேச அளவில் வகுத்திருக்கிறார்கள். அந்த வகை மிதவை கைக்கு வரும்வரை பளிச்சென்று எரியும் விளக்கும் ரேடார் பிரதிபலிப்பானும் கட்டுங்கள்.