எண்ணுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள்
வாசகர் கேள்வி – மருத்துவக் குழு பதில்: இரண்டாவது குழந்தை

கேள்வி: எனக்கு 34 வயது, கணவருக்கு 38. அவருக்கு சிப்காட்டில் பாய்லர் பக்கம் வேலை. மகளுக்கு 6 வயது, சிசேரியனில் பிறந்தவள். ஒன்றரை வருடமாக இரண்டாவதுக்கு முயல்கிறோம். முன்பெல்லாம் 29 நாளில் வந்துகொண்டிருந்த பீரியட்ஸ் இப்போது 35, 36 நாள் ஆகிறது. ஏ.எம்.எச். 0.9, ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) 38, 21-ஆம் நாள் புரோஜெஸ்டிரான் 1.8. கருக்குழாய்க்குள் மருந்து ஏற்றி எடுத்த எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரேயில் வலது குழாய் கர்ப்பப்பையோடு சேரும் இடத்திலேயே அடைப்பு, இடது திறந்திருக்கிறது. கணவருக்கு விந்தணு 12 மில்லியன், முன்னேறும் அசைவு 15 சதவீதம். அந்த டெஸ்டுக்கு ஆறு வாரம் முன்பு அவருக்கு டெங்கு. மாதிரியை வீட்டில் எடுத்து, ஐஸ் பையில் வைத்து, பஸ்ஸில் புதுச்சேரி லேபில் கொடுத்தார். நான் நெஞ்செரிச்சலுக்கு தினமும் பான்டப்ரசோலும் டோம்பெரிடோனும் கலந்த மாத்திரை போடுகிறேன். நேராக ஐ.வி.எஃப். (டெஸ்ட் டியூப் குழந்தை முறை) போகச் சொல்கிறார்கள். போகலாமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இந்த ரிப்போர்ட்டுகளை மட்டும் வைத்து வேண்டாம். எதையெல்லாம் எந்த நாளில், எந்த நிலையில் எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

முதலில் புரோஜெஸ்டிரான். '21-ஆம் நாள்' என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கான கணக்கு. முட்டை வெடித்த பிறகுதான் இந்த ஹார்மோன் ஏறும். அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெடிக்கும் என்று வைத்தால், 36 நாள் சுழற்சியில் அது 22-ஆம் நாள். நீங்கள் ரத்தம் கொடுத்ததோ அதற்கு முந்தின நாள். 1.8 வராமல் வேறென்ன வரும்? எதிர்பார்க்கும் பீரியட்ஸுக்கு 7 நாள் முன்பு, அதாவது 29-ஆம் நாள் வாக்கில் மறுபடி கொடுங்கள். 3-க்கு மேல் இருந்தால் முட்டை வெளிவந்திருக்கிறது என்று பொருள்.

ப்ரோலாக்டின் 38-க்கு நாங்கள் முதலில் சந்தேகப்படுவது உங்கள் கேஸ் மாத்திரையைத்தான். அதிலுள்ள டோம்பெரிடோன் ப்ரோலாக்டினை ஏற்றும், ஏறிய ப்ரோலாக்டின் முட்டை வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், சுழற்சி நீளும். 29 நாள் 36 ஆனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். மாத்திரை எழுதிய டாக்டரிடம் சொல்லி, டோம்பெரிடோன் கலக்காத மருந்துக்கு மாறுங்கள். பிறகு காலையில் எழுந்து 2, 3 மணி நேரம் கழித்து, வெறும் வயிற்றில், லேபில் அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு ரத்தம் கொடுங்கள். கூடவே தைராய்டுக்கான டி.எஸ்.எச். டெஸ்டும் பாருங்கள்; தைராய்டு குறைந்தாலும் ப்ரோலாக்டின் ஏறும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் லேபில் முன்பே சொல்லிவிடுங்கள், சில கருவிகளில் அது தைராய்டு அளவையே மாற்றிக் காட்டும்.

உங்கள் கணவரின் ரிப்போர்ட்டை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ்வரம்பு மி.லி.க்கு 16 மில்லியன், முன்னேறும் அசைவு 30 சதவீதம். மாதிரி உடல் சூட்டிலேயே இருந்து ஒரு மணி நேரத்துக்குள் மேஜைக்கு வர வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ், நெரிசல், லேபில் வரிசை என்றால் அந்த ஒரு மணி எப்போதோ போயிருக்கும்; போதாததற்கு ஐஸ் வேறு. அசைவு செத்துப்போகத்தான் செய்யும். எண்ணிக்கை குறைந்ததற்கு ஐஸ் காரணமல்ல, டெங்குவாக இருக்கலாம். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய 3 மாதம் பிடிக்கும் என்பதால் கடும் காய்ச்சலின் பாதிப்பும் அவ்வளவு காலம் தெரியும். பாய்லர் சூட்டையும் ஒதுக்க முடியாது.

காய்ச்சல் வந்து 3 மாதம் தாண்டியதும் மறுபடி செய்யுங்கள். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, லேபிலேயே உள்ள அறையில் எடுக்க வேண்டும். ஆணுறை, எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது. முதல் சொட்டுகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தினால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புகையிலை, ஹான்ஸ் பழக்கம் இருந்தால் இன்றே விடச் சொல்லுங்கள்.

வலது குழாய்: சேரும் இடத்து அடைப்பு என்று வருவதில் ஒரு பகுதி வெறும் இழுப்பு, மருந்து ஏற்றும்போது வலியில் தசை சுருங்கியிருக்கும். இடது திறந்திருப்பதால் இப்போதைக்கு இதை விட்டுவிடலாம். குழாயின் வெளி நுனியில் நீர் கோத்து வீங்கியிருந்தால்தான் கதை வேறு, அதை ஐ.வி.எஃப்.புக்கு முன்பே சரிசெய்ய வேண்டும். அடுத்த ஸ்கேனில் சிசேரியன் தையல் இடத்தில் குழி ஏதும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், குறிப்பாக பீரியட்ஸ் முடிந்தும் பழுப்பாகக் கசிகிறது என்றால்.

ஏ.எம்.எச். 0.9 மட்டும் உண்மையாகவே யோசிக்க வைக்கிறது. இது முட்டைகளின் இருப்பைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. தானாகக் கருத்தரிக்க மாதம் ஒரு முட்டை போதும். ஆனால் 34 வயதுக்கு இது குறைவு; ஐ.வி.எஃப். செய்தால் கிடைக்கும் முட்டைகளும் குறைவாக இருக்கும். அதனால் மேலே சொன்ன மறுபரிசோதனைகளை 3 மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், வருடக்கணக்கில் இழுக்க வேண்டாம். பீரியட்ஸின் 2-ஆம் நாள் எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடையால் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்தே எடுங்கள். ஈஸ்ட்ரடையால் கூடியிருந்தால் எஃப்.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து தெரியும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் தொடங்குங்கள். 15-ஆம் நாளிலிருந்து முட்டை வெடிக்கப்போவதைச் சிறுநீரில் காட்டும் எல்.எச். ஸ்ட்ரிப்பில் பாருங்கள், 16 முதல் 24 வரை ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள். முட்டை வளர்க்கும் மாத்திரையை மட்டும் தெரிந்தவர் சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிவிடாதீர்கள்.

புது ரிப்போர்ட்டில் விந்தின் அளவு, எண்ணிக்கை, அசைவு மூன்றையும் பெருக்குங்கள். 2 மி.லி., 12 மில்லியன், 15 சதவீதம் என்றால் 3.6 மில்லியன். பொதுவாக 5 மில்லியனுக்கு மேல் இருந்தால் ஐ.யு.ஐ. (விந்தணுவை நேரடியாகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் முறை) பற்றிப் பேசலாம். சரியாக எடுத்தும் இதற்குக் கீழேயே நின்றால் அவர்கள் சொன்ன ஐ.வி.எஃப். நியாயம்தான்.

கேள்வி: "ஏற்கெனவே ஒரு பிள்ளை பெத்தவன், எனக்கு எதுக்கு டெஸ்ட்?" என்கிறார் கணவர். அத்தையும் அதையே சொல்கிறார். எனக்கு மட்டும் மூன்று ஸ்கேன் ஆகிவிட்டது.
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: பிள்ளை பிறந்தபோது இருந்த விந்து அது. அதற்குப் பிறகு வெரிக்கோசீல் (விதைப்பையில் ரத்தநாள வீக்கம்), சர்க்கரை, ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரான் ஊசி எது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அந்த ஊசி வெளியே தசையை ஏற்றி, உள்ளே விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். ஊசியில்லை, கத்தியில்லை, பத்து நிமிட வேலை. உங்கள் நான்காவது ஸ்கேனுக்கு முன் இதை முடிக்கச் சொல்லி டாக்டரையே அவரிடம் பேச வையுங்கள்.

கேள்வி: வயது 27. ஒன்றரை வயது மகனுக்கு இரவில் இன்னும் தாய்ப்பால். பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வருகிறது. ப்ரோலாக்டின் 52. தலையில் கட்டியா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: பால் கொடுக்கும்போது ப்ரோலாக்டின் ஏறித்தான் இருக்கும், இல்லாவிட்டால் பால் ஏது? இப்போது அந்த டெஸ்டே தேவையில்லை. தீராத தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். அடுத்த குழந்தை அவசரமென்றால் இரவுப் பாலைப் படிப்படியாகக் குறையுங்கள். நிறுத்தி 3 மாதமாகியும் பீரியட்ஸ் ஒழுங்குக்கு வரவில்லையென்றால் அப்போது பார்க்கலாம்.