பழைய ஜீப்பின் வயரிங்: கேள்வி – பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய ஜீப்பைப் பற்றியவை. அதிலும் பெரும்பாலும் கரண்ட் பிரச்சினை. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

எங்களிடம் 2004 டீசல் ஜீப் ஒன்று இருக்கிறது. மூன்று நாள் ஓட்டாமல் விட்டால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. போன வருடம்தான் பற்றரி மாற்றினோம். மறுபடியும் புதுசு போடச் சொல்கிறார்கள். – நுவரெலியா

இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் ஊர்க் குளிரில் பற்றரியின் பலம் குறைவது உண்மை. ஸ்டார்ட் பண்ணும்போது டீசல் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் வேறு ஒவ்வொன்றும் 10 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஆனால் ஒரு வருடப் பற்றரி மூன்று நாளில் படுப்பதற்குக் குளிர் மட்டும் காரணமாக இருக்காது. வண்டி சும்மா நிற்கும்போதே ஏதோ ஒன்று கரண்ட் குடிக்கிறது. பிற்பாடு பூட்டிய அலாரமும் பாட்டுக் கேட்கும் செட்டும்தான் என் முதல் சந்தேகம்.

எல்லாவற்றையும் அணைத்து, கதவைப் பூட்டி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை 10 அம்பியர் அளவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 அம்பியருக்குள் இருந்தால் சரி. அரை அம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 அம்பியர்-மணி போகிறது. 60 அம்பியர்-மணிப் பற்றரி ஐந்தே நாளில் காலி. அப்புறம் பியூஸை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன் இருக்கிறான். மீட்டர் இடையில் இருக்கும்போது சாவியை மட்டும் திருப்ப வேண்டாம்.

பனிமூட்டத்துக்காக 180 வொட்ஸ் எல்ஈடி பார் பூட்டி, பழைய ஃபொக் லைட் வயரிலேயே கொடுத்தோம். 10 அம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது. 30 போட்டால் சரியாகுமா? – தலவாக்கலை

ஆகாது, வயர் எரியும். 180 வொட்ஸ் என்றால் 12 வோல்ட்டில் 15 அம்பியர். பியூஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. தனி ரிலே (சின்ன சுவிட்ச் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் பெட்டி), தடித்த வயர், அதற்கேற்ற பியூஸ் போடுங்கள், அல்லது பாரைக் கழற்றுங்கள். உயரத்தில் பூட்டிய வெள்ளை வெளிச்சம் பனிக்குள் உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். தாழ்வாக இருக்கும் ஃபொக் லைட்தான் பாதையைக் காட்டும்.

2003 ஜீப். ஏற்றத்தில், வளைவில் ஹெட்லைட் மங்குகிறது, டேஷ்போர்ட் விளக்குகள் மினுங்குகின்றன. கராஜில் முதலில் பற்றரி மாற்றினார்கள், 52,000. பிறகு ஒல்டனேட்டர் (ஓடும்போது பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), 65,000. இப்போது கம்பியூட்டர் பெட்டி போயிருக்கும், 140,000 ஆகும் என்கிறார்கள். கொடுக்கவா ஐயா? – ஹட்டன்

கொடுக்காதீர்கள். 'போயிருக்கும்' என்ற ஒரு சொல்லுக்கு ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் கொடுக்கக் கூடாது.

பல வருடமாக என் மனதை அறுக்கும் விஷயம் இது. அளக்காமல் மாற்றுகிறார்கள். காய்ச்சலா என்று பார்க்காமலே ஊசி போடும் வைத்தியரிடம் நாம் போவோமா? வண்டியை மட்டும் அப்படித்தான் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒரு பாகத்தைப் போட்டுப் பார்ப்பார்கள், சரிவராவிட்டால் அடுத்தது. ஒவ்வொரு தடவையும் காசு நம்முடையது. கழற்றிய பழைய பாகம் எங்கே போகிறது என்று நாம் கேட்பதும் இல்லை. அது நல்ல பாகமாக இருந்தால், கொழும்பில் பழைய பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்கோ இன்னொருவர் வண்டிக்கோ போகாது என்று யார் சொல்வது?

எனக்கும் இதே கதை நடந்தது. 2012இல் ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினேன். கண்டியிலிருந்து ஏறும்போது, இரவு எட்டு மணியிருக்கும், ரம்பொடை வளைவில் மழையும் பனியும் சேர்ந்துகொண்டன. வைப்பர், ஹீட்டர், ஹெட்லைட் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. வளைவுக்காக வேகத்தைக் குறைத்ததும் முன்விளக்கு மெழுகுவர்த்தி அளவுக்கு இறங்கிவிட்டது. பக்கத்தில் பள்ளம், பின்சீற்றில் பிள்ளைகள். அந்தப் பயம் இன்னும் மறக்கவில்லை. மூன்று மாதத்தில் பற்றரி, ஒல்டனேட்டர், ஸ்டார்ட்டர் மூன்றையும் மாற்றிக் காசைத் தொலைத்தேன். விளக்கு மங்குவது நிற்கவில்லை.

கடைசியில் கம்பளையில் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் பொனட்டைத் திறந்தார். எந்தப் பாகத்தையும் தொடவில்லை. மீட்டரின் ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்தார். எஞ்சின் ஓட, விளக்கெல்லாம் எரிய, 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டிய இடத்தில் 1.4 காட்டியது. கீழே குனிந்து எஞ்சினுக்கும் சட்டகத்துக்கும் நடுவே இருந்த பின்னல் எர்த் வயரை, கரண்ட் பற்றரிக்குத் திரும்பிப் போகும் வழியை, கழற்றிக் காட்டினார். போல்ட்டைச் சுற்றிலும் பச்சைக் களிம்பு. விரல் பட்டதும் செம்பு இழைகள் தூளாக உதிர்ந்தன. புது எர்த் வயர், உப்புத்தாள் போட்டுச் சுரண்டியது, கொஞ்சம் கிறீஸ், எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் வாங்கினார். அதன் பிறகு அந்த விளக்கு ஒரு நாளும் மங்கவில்லை.

மலைநாட்டு வண்டிகளில் இது சாதாரணம். இரவெல்லாம் ஈரம், பகலில் எஞ்சின் சூடு, அதற்கு மேல் சேர்விஸ் ஸ்டேஷனில் எஞ்சினுக்குள் பீய்ச்சும் தண்ணீர். இணைப்புகள் களிம்பு பிடிக்காமல் என்ன செய்யும்? அதோடு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடமும் இருந்ததை ஒட்டுப்போட்டுத்தானே ஓட்டினோம்?

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வேறொரு ஓட்டோ எலக்ட்ரீஷியனிடம் அளக்க மட்டும் கூலி பேசுங்கள். எஞ்சின் நின்றிருக்கையில் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும், ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்ட வேண்டும். இவை சரியாக இருந்தால் எர்த் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியூட்டர் பெட்டி பழுது என்று எவர் சொன்னாலும் ஸ்கேன் அறிக்கையைக் கேளுங்கள். பாகம் வேறு, கூலி வேறாக எழுதிய பில்லும் மாற்றிய பாகமும் கைக்கு வராமல் காசு கொடுக்க வேண்டாம்.

நண்பர் மூலம் 1998 ஜீப் எடுத்தேன். இரவில்தான் பார்க்கக் கிடைத்தது. 'சின்ன வயரிங் வேலைதான்' என்றார்கள். ஓப்பன் பேப்பர் (பெயர் மாற்றாமல், விற்றவர் கையெழுத்து மட்டும் போட்ட பத்திரம்), ஆறு மாதமாகிறது. வைப்பர், கண்ணாடி, ஏசி எதுவும் வேலை இல்லை. பழைய சொந்தக்காரர் போன் எடுப்பதில்லை. – பண்டாரவளை

இரவில் ஒரு சேலை கூட வாங்க மாட்டோம், நீங்கள் ஜீப் வாங்கியிருக்கிறீர்கள். 'சின்ன வேலை' என்றால் விற்றவரே செய்து முடித்துக் கொடுத்திருப்பாரே, தம்பி. அதைவிடக் கோபம் வருவது பேப்பர் விஷயத்தில். 14 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டியதை ஆறு மாதம் விட்டிருக்கிறீர்கள். நாளை ஒரு விபத்து நடந்தால் வண்டி யாருடையது? பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்றாவது பார்த்தீர்களா? வயரிங்கை விடுங்கள். இந்த வாரமே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் விபரம் எடுங்கள்.

குறைந்த விலையில் ஒரு பழைய ஐரோப்பிய ஜீப் வருகிறது. காற்றுச் சஸ்பென்ஷன், சன்ரூஃப் எல்லாம் உண்டு. எடுக்கலாமா? – மாத்தளை

வேண்டாம். உங்கள் ஊரில் அதை ஸ்கேன் பண்ணத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

கணவர் வெளிநாட்டில். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் அம்மாவின் கிளினிக்குக்கும் என்று ஒரு வாகன விற்பனை நிலையத்தில் 2008 ஜீப் எடுத்தேன். ஏழு வாரமாகிறது. ஏர்பேக் விளக்கு அணையவில்லை, கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர மண் வாசம். கேட்கப் போனதற்கு, பழைய வண்டி அப்படித்தான் என்று எல்லோர் முன்னாலும் ஏசினார்கள். நான்தான் ஏமாளியா? – பதுளை

இல்லை, தங்கச்சி. பிழை உங்களுடையது இல்லை. கேட்டதற்காக உங்களை ஏசியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

ஈர மண் வாசமும் இந்தக் கோளாறுகளும் சேர்ந்து வந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பார்க்க வேண்டும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பக்கம் எத்தனை வாகனங்கள் தண்ணீரில் நின்றன! சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். ஒளிந்திருக்கும் அந்தப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா? சீற்றுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா? சன்ரூஃப் இருந்தால் அதன் தண்ணீர்க் குழாய் அடைபட்டு உள்ளே ஒழுகுவதும் உண்டு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் பிளக்குகளை அனுபவம் இல்லாதவர் தொட வேண்டாம்.

வேறொரு கராஜில் படங்களோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அதுவரை எதையும் திருத்த வேண்டாம். பிறகு விற்பனை நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். அவர்கள் வியாபாரிகள் என்பதால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம், தொலைபேசி 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஐந்தாறு வாரம்தான் இருக்கிறது. கடிதத்தை எழுதி முதலில் எனக்கு அனுப்புங்கள். அன்றைக்கே வாசித்துத் திருத்தித் தருகிறேன்.