கேள்வி கேட்டால் கோபப்படுகிற சாமி

கேள்வி: எங்கள் ஊருக்குப் பறுவத்துக்குப் பறுவம் ஒரு சாமி வருகிறார். அம்மா அவரிடம் தீட்சை எடுத்துவிட்டார். 2009இல் காணாமல் போன என் அண்ணா உயிரோடு இருக்கிறார், ஒரு யாகம் செய்தால் இருக்கிற இடம் தெரியவரும் என்று அவர் சொன்னதை நம்பி, இருந்த ஒரே சங்கிலியையும் அம்மா அடைவு வைத்துவிட்டார். நான் ஏதாவது கேட்டால் சாமிக்குக் கோபம், அம்மாவோ குருவைச் சந்தேகித்தால் பாவம் என்கிறார். உண்மையான குருவை எப்படித்தான் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, தருமபுரம்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த அடைவுத் துண்டு யாருடைய கையில் இருக்கிறது என்று பாருங்கள். தவணை தப்பினால் சங்கிலி ஏலத்துக்குப் போய்விடும், அப்புறம் எந்த யாகமும் அதை மீட்டுத் தராது.

சரி, பாவக் கதைக்கு வருவோம். கீதை நாலாம் அத்தியாயத்தில், ஞானியிடம் போய் எப்படிக் கற்பது என்று கண்ணன் சொல்லும்போது பணிவு, கேள்வி, தொண்டு மூன்றையும் ஒரே வரியில்தான் வைக்கிறான், அதிலும் சும்மா கேள்வி இல்லை, துருவித் துருவிக் கேட்கிற கேள்வி. தைத்திரீய உபநிடதத்தில் படிப்பு முடிந்து வீட்டுக்குப் போகிற மாணவனைப் பார்த்து ஆசிரியரே சொல்கிறார்: எங்களிடம் இருக்கிற நல்ல நடத்தைகளை மட்டும் பின்பற்று, மற்றதை விட்டுவிடு. தன்னிடமும் தள்ளவேண்டியது இருக்கலாம் என்று ஒத்துக்கொள்கிற ஆள் அவர். உங்கள் சாமியின் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வருமா?

முண்டக உபநிடதம் குருவுக்குக் கேட்கிற தகுதி இரண்டுதான். வேதம் கற்றிருக்க வேண்டும், பிரமத்தில் நிலைத்திருக்க வேண்டும். வாக்குச் சொல்வதும் கையில் விபூதி வரவைப்பதும் அங்கே இல்லை.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டப் போனவர்களுக்குப் பெரும்பாலும் ஏச்சுத்தான் கிடைத்தது, ஆள் சேர்க்கவும் இல்லை, காசு சேர்க்கவும் இல்லை, ஊருக்கு அவர் ஒரு விசரர். (அதற்காக ஏசுகிற எல்லோரும் ஞானி என்று நினைத்துவிட வேண்டாம், அப்படிப் பார்த்தால் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு ஞானிகள் இருக்கிறார்கள்.) அவருடைய சீடர் யோகர் சுவாமி நமக்குத் தூரத்து ஆள் இல்லை, கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். அந்த மனிதரைப் பார்த்துச் செல்லப்பர் போட்ட அதட்டல் “யாரடா நீ?” என்பது. என்னிடம் வந்தால் உனக்கு இன்னது கிடைக்கும் என்று அவர் ஆசை காட்டவில்லை.

சீடனின் பொருளைப் பறிக்கிற குருமார் நிறைய, சீடனின் துயரைப் பறிக்கிற குருதான் அரிது என்று சிவனே உமையிடம் சொல்வதாகக் குலார்ணவ தந்திரம் என்ற நூலில் வருகிறது. இந்தச் சாமி துயரைப் பறிக்கவில்லை, அதற்கு விலை போட்டிருக்கிறார். காணாமல் போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்காகத் தெருவோரக் கொட்டிலில் இருக்கிற தாய்மாருக்கு நடுவில் வந்து இதைச் செய்கிற ஆளைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை. சாத்திரிகூட ஐந்நூறு ஆயிரத்தோடு விட்டுவிடுவார்!

ஆனால் அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். அடுத்த பறுவத்துக்கு நீங்களும் கூடப் போங்கள். யாகம் முடிந்தும் ஒன்றும் தெரியவராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அம்மாவுக்கு முன்னாலேயே மரியாதையாகக் கேளுங்கள். அவர் என்ன பதில் சொல்கிறார், எந்த முகத்தோடு சொல்கிறார் என்பதை அம்மா பார்க்கட்டும். இன்னொன்று, கோபிக்காமல் கேளுங்கள்: வீட்டில் அண்ணாவைப் பற்றி அம்மாவோடு கடைசியாக எப்போது இருந்து கதைத்தீர்கள்? அந்தச் சாமி அண்ணாவின் பெயரைச் சொல்லி விசாரித்திருப்பார். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும்.

கேள்வி: ஒருவரிடம் தீட்சை எடுத்துவிட்டு வேறு குருவிடம் போகலாமா?
– ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தாராளமாக. தேனுக்காக வண்டு பூவுக்குப் பூ போவதுபோல ஞானத்துக்காகச் சீடன் குருவிட்டுக் குரு போகலாம் என்று மேலே சொன்ன குலார்ணவ தந்திரமே அனுமதிக்கிறது. எடுத்த தீட்சைக்குரிய அனுட்டானத்தை விடாமல் செய்யுங்கள், பழையவரைப் பற்றி ஊர் முழுக்கக் குறை சொல்லித் திரியவும் தேவையில்லை. அவர் உங்கள் காசைத் திருப்பித் தரவேண்டியிருந்தால் அது வேறு கதை, அதைக் கேட்டு வாங்குங்கள்.